கை பாட்டுக்குச் செய்கிற வேலைகளுக்கு ஒரு மணி: பிளம் வில்லேஜ் செயலி

தியானச் செயலிகள் எத்தனையோ வந்துவிட்டன. பெரும்பாலானவை கொஞ்ச நாள் இலவசமாகக் காட்டிவிட்டு அப்புறம் சந்தா கேட்கும். கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காரச் சொல்லும். அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. மீதி நாள் முழுக்கப் பல் தேய்ப்பது, சாப்பிடுவது, பாத்திரம் கழுவுவது, கதவைப் பூட்டுவது எல்லாம் கை பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறதே, நாம் எங்கேயோ இருக்கிறோமே, அதற்கு என்ன வழி என்றுதான் நான் தேடினேன். இதற்கு உருப்படியாக உதவுவது பிளம் வில்லேஜ் என்ற செயலி. குறிப்பாக, அதில் இருக்கிற மணி.

வேறொன்றும் இல்லை, எவ்வளவு இடைவெளியில் ஒலிக்க வேண்டும் என்று நாமே அமைத்து வைத்தால், அந்தந்த நேரத்துக்குப் போனிலிருந்து ஒரு மணியோசை வரும். அலாரம் மாதிரி அலறாது. கனமான வெண்கலச் சத்தம், அடித்த பிறகும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு நிற்கும். அது கேட்டதும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்தி, இரண்டு மூன்று மூச்சைக் கவனித்துவிட்டு, திரும்பவும் வேலையைத் தொடர வேண்டும். அவ்வளவுதான். திரையைத் தொடவே வேண்டாம், எதையும் அணைக்க வேண்டாம், 'இன்று எத்தனை நாள் தொடர்ச்சியாகச் செய்தீர்கள்' என்று கணக்குக் காட்டி விரட்டுவதும் இல்லை.

இந்தப் பழக்கம் செயலிக்காகக் கண்டுபிடித்தது இல்லை. வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் 1982ல் பிரான்சின் தென்மேற்கில் தொடங்கிய மடத்தின் பெயர்தான் பிளம் வில்லேஜ். போரை எதிர்த்துப் பேசியதால் 1966லிருந்து சொந்த நாட்டுக்கு வெளியே பல பத்தாண்டுகள் வாழ நேர்ந்தவர். 1967ல் நோபல் அமைதிப் பரிசுக்கு மார்ட்டின் லூதர் கிங் இவர் பெயரைத்தான் பரிந்துரைத்தார். 2022ல் தன் ஊரான ஹுவேயில் காலமானார். அவருடைய மடத்தில் மணி அடித்தால், சுவர்க்கடிகாரம் ஒலித்தால், தொலைபேசி மணி வந்தால்கூட, எல்லாரும் செய்ததை நிறுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்புவார்கள். பேச்சு பாதியில் நிற்கும், நடை பாதியில் நிற்கும். பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவ வேண்டும், அடுத்து குடிக்கப்போகிற தேநீரை நினைத்து அவசரப்பட்டால் அந்தத் தேநீரையும் ஒழுங்காகக் குடிக்க மாட்டோம் என்பது அவர் சொல்லிவந்தது. இந்த நாற்பது வருஷத்து நடைமுறையைத்தான் போனுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால்தான் இது வியாபாரத்துக்குச் செய்த பொருள் மாதிரித் தெரியவில்லை. விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை, முழுக்க இலவசம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது.

சரி, நிஜத்தில் என்ன நடக்கிறது? ராத்திரிச் சாப்பாட்டு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் போன், தட்டில் தோசை. மணி அடிக்கிறது. அப்போது பார்த்தால், வலது கை அடுத்த துண்டைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துத் தயாராக வைத்திருக்கிறது, வாயில் இருப்பதை இன்னும் மென்றே முடிக்கவில்லை. தேங்காய்ச் சட்னியா, காரச் சட்னியா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பாத்திரம் கழுவும்போது அடித்தால் வேறு மாதிரி: தோள் இரண்டும் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும், பல்லைக் கடித்தபடி இருப்போம், சின்னக் கரண்டி ஒன்றைத் தேய்க்கக் குழாய் முழுசாகத் திறந்து கிடக்கும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது, நடுவில் பிடித்து நிறுத்தினால்தான் தெரியும். மணி நம்மை அமைதியாக்குகிறது என்று நான் சொல்ல மாட்டேன். செய்துகொண்டிருப்பதோடு கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுகிறது, அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

கொஞ்ச காலம் கழித்து, மணி அடிக்காத நேரத்திலும் இந்தக் கவனம் வர ஆரம்பித்தது. வீட்டைப் பூட்டும்போது சாவி திரும்புகிற அந்த 'டக்' கையில் உறைக்கிறது. தெருமுனை வரைக்கும் போய்விட்டு 'பூட்டினோமா' என்று திரும்பி வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

மணியைத் தவிர, வழிநடத்தும் தியானங்கள், உடலைத் தளர்த்திப் படுக்கும் பயிற்சிகள், துறவிகளின் பேச்சுகள் என்று நிறைய வைத்திருக்கிறார்கள். பேச்சுகள் நிதானமாகப் போகும், அவசரக்காரர்களுக்கு அது முதலில் சோதனையாக இருக்கும். பெரிய குறை, அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, தமிழில் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக்கொடுக்க ஆசைப்பட்டால் மணி மட்டும்தான் பயன்படும். யாராவது இவற்றைத் தமிழில் செய்தால் எத்தனையோ பேருக்கு உதவும், உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அமைப்பதில் ஒரு விஷயம். கால் மணிக்கு ஒரு தடவை என்று போடாதீர்கள், காது பழகிப்போய் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று போதும். அவ்வப்போது நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் 'இப்போ அடிக்கும்' என்று மனசு காத்துக்கொண்டிருக்கும். சமையல், சாப்பாடு, பாத்திரம் என்று கை ஓடுகிற சாயங்காலப் பொழுதுதான் இதற்கு நல்ல நேரம். வண்டி ஓட்டும்போது அணைத்துவிடுங்கள். பேட்டரி சேமிப்பை இறுக்கமாக வைத்திருக்கிற போன்களில் பின்னணியில் ஓடும் செயலிகள் நின்றுபோகும், அதனால் இதற்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். தூக்கமே இல்லாமலோ மனச்சோர்வோடோ தவிக்கிறவர்கள் இதை மருந்தாக நினைக்காமல் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

ஸ்மார்ட்போன் வேண்டாம் என்பவர்களுக்கு வீட்டில் குக்கர் இருக்கிறது. அம்மாவிடம் இந்த மணியைப் பற்றிச் சொன்னபோது, ஒவ்வொரு விசிலுக்கும் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு மூச்சைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். வெங்காயம் நறுக்குவது முன்னைவிட மெதுவாகத்தான் போகிறது, விரலில் வெட்டுப்படுவது நின்றிருக்கிறது.