அழுதால் பாலா, மணி அடித்தால் பாலா?

குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். கேட்கும்போதெல்லாம் கொடு என்பது ஒரு கட்சி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான், இல்லையென்றால் பழக்கம் கெட்டுவிடும் என்பது மற்றது. தூக்கம் கெட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு யார் பேசினாலும் அந்த நேரத்துக்கு அது நியாயமாகவே படும்.

மணிக் கட்சிக்கு வயது அதிகம். நியூசிலாந்தில் 1907-இல் தாய்-சேய் நலனுக்காகப் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய மருத்துவர் ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் கிடையாது என்று கறாராகச் சொன்னவர். அதில் ஒரு கவர்ச்சி இருப்பது உண்மைதான். எப்போது குளிக்கலாம், எப்போது கொஞ்சம் கண்ணயரலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆனால் தாய்ப்பால் சுரக்கும் விதம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. மார்பு காலியாகக் காலியாகத்தான் அடுத்த பால் ஊறும். நிறைந்தே கிடந்தால், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். அதனால் ஆரம்ப வாரங்களில் இரவுப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையத் தொடங்கும்.

குழந்தையும் இடைவெளி பார்த்துக் குடிப்பதில்லை. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை என்பது பொதுவான அளவு. அதைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் குழந்தை அபூர்வம். சாயங்காலம் ஆனதும் அரை மணிக்கு ஒருமுறை மார்பைத் தேடும். அப்புறம் ஒரே இழுப்பில் மூன்று மணி நேரம் தூங்கும். அந்தச் சாயங்கால நச்சரிப்பைப் பார்த்துத்தான் பல வீடுகளில் ‘பால் பத்தவில்லை’ என்று தீர்ப்பு எழுதிப் பவுடர் டின்னைத் திறக்கிறார்கள். பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவுசெய்ய முடியாது. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்குக் குறைந்தது 6 டயப்பர் நன்றாக நனைகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, கேட்கும்போது கொடுக்கும் கட்சிக்கே முழு மதிப்பெண்ணா? இல்லை. குழந்தை கேட்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த முறையே நிற்கிறது. முதல் நாட்களில் சில குழந்தைகள் கேட்கவே கேட்காது. மஞ்சள் காமாலை இருந்தாலோ, எடை குறைவாகப் பிறந்திருந்தாலோ, குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும். ‘எவ்வளவு சமர்த்து’ என்று நாம் பூரித்துக்கொண்டிருக்கும்போது எடை இறங்கிக்கொண்டிருக்கும். பிறந்தவுடன் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் பழைய எடைக்குத் திரும்பிவிடும். அதுவரை மூன்று மணி நேரம் தாண்டினால் எழுப்பிக் கொடுப்பதே நல்லது.

இன்னொரு சிக்கல், எல்லாச் சத்தத்தையும் பசி என்று எடுத்துக்கொள்வது. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, அசைவுகள் நிறைந்த தூக்கம். இமைக்குள் விழி உருளும், முகம் கோணும், முனகும், காலை உதைக்கும், ஒரு நொடி அழக்கூடச் செய்யும். இத்தனையும் தூக்கத்துக்குள்ளேயேதான். நாம் பதறிப்போய்த் தூக்கினால் நாமே எழுப்பிவிட்டதாக ஆகும். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். பசியென்றால் தலை பக்கவாட்டில் திரும்பித் தேடும், வாய் திறக்கும், கை வாய்க்குப் போகும். வீறிட்டு அழுவது கடைசிக் கட்டம். அந்த நேரத்தில் மார்பைச் சரியாகப் பிடிக்கக்கூட முடியாது, முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

ஆக, என் ஓட்டு கேட்கும்போது கொடுக்கும் முறைக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. கடிகாரம் குழந்தையை எழுப்புவதற்கு இருக்கட்டும். பசித்த வாயை மறிப்பதற்கு வேண்டாம்.

அடுத்த தகராறு, இரவில் யார் எழுவது என்பது. ஒருவேளைப் பாலைப் புட்டியில் வேறொருவர் கொடுத்தால் தாய்க்கு நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும், அது பெரிய விஷயம். ஆனால் முதல் மூன்று நான்கு வாரத்தில் ஒருவேளை விட்டாலும் பால் கட்டிக்கொண்டு வலிக்கலாம். அதுவரை பால் கொடுப்பது மட்டும் தாயின் வேலையாக இருக்கட்டும். டயப்பர் மாற்றுவது, ஏப்பம் எடுக்க வைப்பது, தூங்கவைப்பது எல்லாம் மற்றவர் பொறுப்பு. புட்டிப்பால் மட்டும் கொடுக்கும் வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம், இரவைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். நீண்ட நேரம் தூங்கட்டும் என்று பவுடரைக் கூடுதலாகப் போட்டுக் கலக்குவது மட்டும் கூடவே கூடாது. குழந்தையின் உடம்பில் நீர் குறைந்து உப்பு ஏறி, ஆபத்தில் முடியும்.

ஒரே படுக்கையா, தனித் தொட்டிலா? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்வது: ஒரே அறை, தனிப் படுக்கை, குறைந்தது 6 மாதம். குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று 1992-இலும், மல்லாக்கப் படுக்கவைப்பதே நல்லது என்று பின்னரும் அதே அமைப்பு அறிவுறுத்திய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் அங்கே பாதிக்கு மேல் குறைந்தன. படுக்கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவோமோ என்று பயந்து சோபாவில் போய் உட்கார்ந்து பால் கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில் சோபாவில் கண்ணயர்வதுதான் அதைவிட ஆபத்து. அசதி மீறினால் தலையணை, போர்வை எல்லாம் அகற்றிய கட்டிலில் உட்கார்ந்து கொடுங்கள். விழிப்பு வந்ததும் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

குழந்தையைத் தானாகவே தூங்கப் பழக்கும் தூக்கப் பயிற்சி கொடுப்பதா வேண்டாமா என்று இப்போதே யோசிக்க வேண்டியதில்லை. இரவு, பகல் என்ற தாளம் உடம்பில் பிடிபடவே மூன்று மாதம் போல ஆகும். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கலான விளக்கும் மௌனமும் போதும். நான்கு மாதத்துக்கு முன்னால் யாராவது பயிற்சி பற்றி ஆரம்பித்தால், சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.