1, 2, 4, 8, 16... அடுத்தது என்ன? எண் தொடருக்கு நான்கு வழிகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாரிடமாவது 1, 2, 4, 8, 16 என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். மூச்சு விடுவதற்குள் 32 என்று பதில் வரும். அந்த 32 எப்போது சரி, எப்போது தப்பு என்ற கேள்வி ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா மகள் குரூப் 4-க்குப் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்ததில் நான்கு வழிகள் தேறின: கண்ணால் பிடிப்பது, வித்தியாச அட்டவணை போடுவது, இணையத்தில் தேடுவது, அந்த எண்கள் பிறந்த இடத்துக்கே போவது. நான்கும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரியும். செய்வதில்லை.

கண்ணால் பிடிப்பது

குரூப் 4-இல் 200 கேள்விகளுக்கு 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 54 நொடிதான், விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள்ளேயே. அதனால் வர்க்கங்களையும் கனங்களையும் பகா எண்களையும் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அதில் தவறே இல்லை. 0, 7, 26, 63 என்று பார்த்ததும் 'கனத்தில் ஒன்று குறைவு' என்று பொறி தட்டினால் அடுத்தது 124, முடிந்தது. 2, 6, 12, 20, 30-ஐ 1×2, 2×3, 3×4 என்று பார்க்கத் தெரிந்தவருக்குப் பேனாவே தேவையில்லை. வேகத்தில் இந்த வழியை அடிக்க வேறு வழி கிடையாது.

ஆனால் பொறி தட்டாவிட்டால்? 5, 12, 25, 44, 69 என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கத்துக்குப் பக்கத்திலும் இல்லை, கனத்துக்குப் பக்கத்திலும் இல்லை. வெறித்துப் பார்த்தபடியே இரண்டு நிமிடம் போய்விடும். கண் தோற்றால் பாதி வழி வந்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது, வெறுங்கையோடுதான் நிற்போம்.

வித்தியாச அட்டவணை

என் முதல் ஓட்டு இதற்குத்தான். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துக் கீழே எழுத வேண்டும். மேலே சொன்ன தொடருக்கு 7, 13, 19, 25 என்று வரும். அதையும் கழித்தால் 6, 6, 6. இனி கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டே போகலாம்: 25 + 6 = 31, 69 + 31 = 100. அடுத்த எண் 100.

இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னும் ஒரு நிமிடம் கொடுத்தால் சூத்திரமே கைக்கு வந்துவிடும். உறுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அந்த எண்ணை 'எ' என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வரிசை வித்தியாசம் மாறாமல் 6 என்று நின்றால், அதில் பாதி, அதாவது 3, எ²-க்கு முன்னால் நிற்கும். சரி, 3எ² என்பதைத் தொடரிலிருந்து உரித்துப் பார்ப்போம். 3, 12, 27, 48, 75 என்பவற்றை 5, 12, 25, 44, 69-இலிருந்து கழித்தால் மிச்சம் 2, 0, −2, −4, −6. இது இரண்டு இரண்டாகக் குறைகிற சாதாரணக் கூட்டுத் தொடர்வரிசை, 4 − 2எ. ஆக மொத்தச் சூத்திரம் 3எ² − 2எ + 4. ஐந்தாவது இடத்துக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்: 75 − 10 + 4 = 69. மூன்றாவது வரிசையில்தான் வித்தியாசம் நிலைக்கிறது என்றால், அதில் ஆறில் ஒரு பங்கு எ³-க்கு முன்னால் வரும். அப்புறம் அதே உரித்தல்தான்.

வெங்காயம் உரிக்கிற மாதிரியான இந்த வேலையை ஓர் இயந்திரத்திடமே கொடுக்க நினைத்தவர் சார்லஸ் பாபேஜ். 1820-களில் அவர் திட்டமிட்ட 'வித்தியாச எந்திரம்' பெருக்கலே இல்லாமல், கீழ்வரிசையை மேல்வரிசையோடு கூட்டிக்கூட்டியே அட்டவணைகளைக் கணக்கிடும் வகையில் அமைந்தது. அவர் காலத்தில் அது முழுமையாகவில்லை. அவருடைய இரண்டாவது வடிவமைப்பை வைத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் ஓர் எந்திரத்தைக் கட்டி இயக்கிக் காட்டியது. பள்ளிக்கூட நோட்டில் நாம் போடும் அதே கூட்டல்தான், உலோகச் சக்கரங்களில்.

அட்டவணை எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், அது தோற்கும்போதும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் தோற்கும். 3, 6, 12, 24-க்குப் போட்டால் மறுபடியும் 3, 6, 12 என்றே வரும். தொடர் தன்னையே பெற்றெடுத்தால் அங்கே இரட்டிப்பு இருக்கிறது என்று பொருள். 1, 1, 2, 3, 5, 8-க்குப் போட்டால் 0, 1, 1, 2, 3 என்று அதே தொடர் ஓர் இடம் தள்ளி வரும். முந்தைய இரண்டைக் கூட்டித்தான் அடுத்தது வருகிறது என்பதற்கு அது அடையாளம். 3, 10, 5, 20, 7, 40-க்கு 7, −5, 15, −13, 33 என்று ஏறி இறங்கும். உடனே ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துவிட வேண்டும்: 3, 5, 7 ஒரு தொடர், 10, 20, 40 இன்னொன்று.

இப்போது தலைப்பில் இருக்கும் தொடருக்கு வருவோம். 1, 2, 4, 8, 16-க்கு அட்டவணை போட்டால் வரிசைகள் 1, 2, 4, 8 என்றும், 1, 2, 4 என்றும், 1, 2 என்றும், கடைசியில் 1 என்றும் குறுகிக்கொண்டே போகும். அந்தக் கடைசி 1-ஐ நிலையான வித்தியாசமாக எடுத்துக்கொண்டு மேலே ஏறினால் 3, 7, 15 என்று வந்து அடுத்த எண் 31 ஆகிறது. கண் 32 என்கிறது, அட்டவணை 31 என்கிறது. இப்போது யாரை நம்புவது?

இணையத்தில் தேடுவது

நீல் ஸ்லோன் 1964-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது எண் தொடர்களைச் சேகரிக்கத் தொடங்கினார். அது 1973-இல் ஒரு புத்தகமாகவும், 1995-இல் இன்னும் பெரிய புத்தகமாகவும், 1996-இல் இணையத்தளமாகவும் ஆனது. ஓஇஐஎஸ் என்ற அந்தக் களஞ்சியத்தில் இன்று 3,50,000-க்கும் மேற்பட்ட தொடர்கள் இருக்கின்றன. ஐந்தாறு எண்களைத் தட்டினால் சூத்திரம், வரலாறு, எங்கெல்லாம் பயன்படுகிறது என்று எல்லாம் வந்து விழும். தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது என்பதைத் தவிர அதன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் நம் கேள்விக்கு அது தீர்ப்புச் சொல்லவில்லை. ஏ000079 என்ற எண்ணில் 1, 2, 4, 8, 16, 32 இருக்கிறது. ஏ000127 என்ற எண்ணில் 1, 2, 4, 8, 16, 31 இருக்கிறது. இரண்டும் உண்மையான தொடர்கள்.

பிறந்த இடத்துக்குப் போவது

ஒரு தாளை மடித்துக்கொண்டே போனால் அடுக்குகள் 1, 2, 4, 8, 16, 32. ஒவ்வொரு மடிப்பிலும் எல்லா அடுக்கும் இரண்டாகிறது. இங்கே 32-ஐ யாரும் அசைக்க முடியாது.

வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நாண்களால் இணைத்தால் வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரியும்? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு 31. ஏன் என்று பார்ப்பது கடினமில்லை. புதிதாக ஒரு நாண் போட்டால் ஒரு பகுதி கூடும். வழியில் அது வேறு நாணை வெட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் இன்னொரு பகுதி கூடும். ஆகவே பகுதிகள் = 1 + நாண்கள் + வெட்டும் இடங்கள். இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தால் ஒரு நாண், நான்கு புள்ளிகளைத் தேர்ந்தால் ஒரு வெட்டும் இடம். ஆறு புள்ளிகளில் இரண்டைத் தேர 15 வழி, நான்கைத் தேரவும் 15 வழி. 1 + 15 + 15 = 31. ஏழுக்கு 1 + 21 + 35 = 57. பத்துக்கு 1 + 45 + 210 = 256. பாருங்கள், நடுவில் விட்டுப்போன இரட்டிப்பு வரிசையில் இருக்கும் ஒரு எண் மறுபடியும் எட்டிப் பார்க்கிறது. முதல்முறை இதைக் கணக்கிட்டபோது எனக்கு மெய்சிலிர்த்துப்போனது.

நான்கு புள்ளிகளைத் தேர்வது என்பதே எ⁴ வரை போகும் சூத்திரம். அதனால்தான் நான்காவது வரிசையில் அட்டவணை நின்றது, 31-ஐயும் சரியாகச் சொன்னது. அதே அட்டவணை தாள் மடிப்பில் தப்பாகச் சொல்லியிருக்கும். எண்களில் குறையில்லை, அட்டவணையிலும் குறையில்லை. ஐந்து எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆறாவதை யாராலும் நிரூபிக்க முடியாது. 1, 3, 5, 7-க்கு அடுத்தது 33 என்றுகூட ஒரு சூத்திரம் எழுதலாம்: 2எ − 1 என்பதோடு (எ−1)(எ−2)(எ−3)(எ−4) என்பதைக் கூட்டுங்கள். முதல் நான்கு இடங்களிலும் அந்தப் பெருக்கல் பூச்சியமாகிவிடும். ஐந்தாவது இடத்தில் 24 கூடும்.

அதனால் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் 15 நொடி கண்ணுக்கு, அடுத்த 30 நொடி அட்டவணைக்கு. 1, 2, 4, 8, 16 வந்தால் 32 என்று குறித்துவிட்டு நகருங்கள். வினாத்தாள் தயாரித்தவர் மனத்தில் இருப்பது அதுதான், அங்கே நாம் ஊகிப்பது அவருடைய மனத்தைத்தான். இந்த எண்கள் எதை எண்ணி வந்தவை என்று கேள்வியிலேயே ஒரு வரி சேர்த்தால் பிள்ளைகள் ஊகிக்காமல் யோசிப்பார்கள். அந்த ஒரு வரிக்காக நான் நெடுநாளாக ஏங்குகிறேன். வீட்டில் நிதானமாக உட்கார்ந்தால் நான்காவது வழிக்கே நேரம் கொடுங்கள். சூத்திரம் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வது அது ஒன்றுதான்.

அக்கா மகளிடம் 31-ஐ வரைந்தே பார்க்கச் சொன்னேன். காம்பஸால் வட்டம் போட்டாள். அதே அகலத்தை மாற்றாமல் விளிம்பில் ஆறு இடங்களில் குறித்தாள். 15 நாண்களையும் ஸ்கேல் வைத்து இழுத்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பென்சிலால் எண் எழுதிக்கொண்டே போனாள்.

"சித்தி, 32-ம் வரல, 31-ம் வரல. 30-தான் வருது."

மறுபடியும் எண்ணினோம். 30-தான். நாணெல்லாம் சரியாகவே இருந்தது. புள்ளிகள் சம தூரத்தில் விழுந்ததால், எதிரெதிர்ப் புள்ளிகளை இணைக்கும் மூன்று நாண்களும் நடுவில் ஒரே இடத்தில் போய்ச் சந்தித்துவிட்டன. மூன்று வெட்டும் இடங்கள் ஒன்றாகிவிட்டன, அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய பகுதி மறைந்துவிட்டது. அவள் ஒரு புள்ளியை மட்டும் அழித்து, கொஞ்சம் தள்ளி வைத்து, அதன் ஐந்து நாண்களைத் திரும்ப இழுத்தாள். வட்டத்தின் நடுவில் அரிசி மணி அளவுக்கு ஒரு முக்கோணம் திறந்தது. அதற்குள் எண் எழுத இடமில்லை. வெளியே ஓர் அம்புக்குறி போட்டு 31 என்று எழுதிவைத்தாள்.