வெட்டிய பையும் கிழிந்த பையும்

பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஆவணியில் ஊருக்குப் போயிருந்தேன். கொக்குவிலில் இரண்டு கிழமை, நல்லூர்த் திருவிழா, பிறகு பெரியம்மாவைக் கண் வைத்தியரிடம் காட்டக் கொழும்பு. ரயிலில் குறையில்லை. வைத்தியசாலையில் தமிழிலேயே எல்லாம் முடிந்தது. எழுத வேண்டியிருப்பது பொலிஸ் நிலையத்தைப் பற்றித்தான்.

சட்டைப்பையில் வைத்தால் கள்ளன் எடுப்பான் என்று என் கடவுச்சீட்டையும் கமராவையும் வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டவர் பெரியம்மா. கோட்டையில் ஏறிய பஸ்ஸில் நெரிசல். இறங்கியபோது பை தோளில்தான் தொங்கியது. அடியில் ஒரு சாண் நீளத்துக்கு பிளேட் வெட்டு. மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் மூலையில் சிக்கியிருந்தது.

எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. அந்த சார்ஜன்ட் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பெரியம்மாவுக்கு விசிறிக்குக் கீழே கதிரை போட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த சிங்களம் ‘ஹரி’யும் ‘கீயத’வும்தான். அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சேர்ந்து நடக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து ஒரு மலையகத்துப் பையனைக் கூப்பிட்டார்கள். கை ஈரத்தைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே வந்தான்.

“பஸ்ஸுக்குள் யாரோ பையை வெட்டிச் சாமானை எடுத்துவிட்டான் தம்பி,” என்றார் பெரியம்மா. பையன் சொன்னதில் ‘இரிலா’ என்ற சொல் இரண்டு தரம் வந்தது. சார்ஜன்ட் பையின் வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்து “அப்போய்” என்றார். பெரிய புத்தகத்தில் முக்கால் பக்கம் எழுதினார். வாசித்தும் காட்டினார், சிங்களத்தில். நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டேன். பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினார்.

பிரதிக்குக் காசு கட்டி வாங்கிக்கொண்டு மறுநாள் புதுக்கடைக்குப் போனேன். நீதிமன்றத்தைச் சுற்றிச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் வரிசையாக இருக்கிறார்கள். மூக்குத்தி போட்ட ஓர் அம்மா பிரதியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “பை பழையதா?” என்று கேட்டார். இல்லை, போன தீபாவளிக்கு நான் அனுப்பியது. “அப்படியென்றால் ஏன், கிழிந்திருந்த பையிலிருந்து பஸ்ஸில் சாமான்கள் விழுந்து தொலைந்துபோயின என்று சொன்னீர்கள்?”

‘இரிலா’ என்றால் கிழிந்து. ‘கபலா’ என்றால் வெட்டி. பெரியம்மா சொன்னது இரண்டாவது, புத்தகத்தில் ஏறியது முதலாவது. தேநீர்க் கடைப் பையனை எப்படிக் குறை சொல்வது? கோப்பை கழுவுகிறவனை அழைத்து வாக்குமூலம் மொழிபெயர்க்க வைத்தோம். ஆனால் பயணக் காப்புறுதிக்காரன் களவுக்குத்தான் காசு தருவான்; கிழிந்த பையோடு பஸ் ஏறியவனுக்குக் கடிதம் மட்டும்தான் அனுப்புவான்.

“உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியும்தானே? எழுதிக் கொடுத்திருக்கலாமே,” என்றார் அந்த அம்மா. அன்றிரவு வெள்ளவத்தை அறையில் இருந்து தேடி வாசித்தேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. வாய்மூலம் சொல்லும் முறைப்பாட்டை, சொன்னவர் பேசிய மொழியிலேயே பொலிஸ் எழுத வேண்டும். முடியாவிட்டால், நீரே எழுதித் தாரும் என்று அவரைக் கேட்க வேண்டும். அவருக்கும் எழுத முடியாதபோதுதான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் பதிந்து, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். சார்ஜன்ட் என்னைக் கேட்கவில்லை. நானும் பேனையைக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்தவன், வாசிக்கத் தெரியாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. பொலிஸ் நிலையங்களில் இருமொழி தெரிந்தவர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று, போர் முடிந்த பிறகு அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் எழுதியது. மொழி உரிமை மீறப்பட்டால் முறையிட ஒரு தொலைபேசி இலக்கமும் வந்தது: 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டையே எந்தப் புண்ணியவான் தெரிவு செய்தாரோ!

கனடாவில் நான் இருக்கும் ஸ்காபரோவில் அவசர இலக்கமான 911க்கு அழைத்துத் ‘தமிழ்’ என்று ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுப்பார்கள். அங்கே தமிழ் அரசகரும மொழி இல்லை.

மூன்றாம் நாள் திரும்பவும் நிலையத்துக்குப் போனோம். இந்த முறை மேசையில் ஓர் இளம் பெண் கொன்ஸ்டபிள். “என்ன அம்மா, யாரைப் பார்க்க வேண்டும்?” என்று மட்டக்களப்புத் தமிழில் கேட்டார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், கையை விட்டுவிட்டு நேரே போய் உட்கார்ந்து, பஸ்ஸில் பக்கத்தில் நின்றவனின் நீலச் சட்டை முதல் அவன் வாயில் அடித்த பாக்கு மணம் வரை சொல்லத் தொடங்கிவிட்டார். முதல் நாள் இதில் ஒன்றுமே வெளியில் வரவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நிலையத்தின் தமிழ் முழுவதும் அந்த ஒரு பிள்ளைதானாம். நாங்கள் முதலில் போன அன்று லீவில் ஊருக்குப் போயிருந்தாராம். “இரவில் ஆள் வந்தால் எனக்குப் போன் எடுப்பார்கள் அண்ணா. நான் போனிலேயே கேட்டுச் சொல்வேன்,” என்றார். அதற்குத் தனியாகச் சம்பளம் தருகிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

மேலதிக வாக்குமூலத்தை நானே தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘வெட்டி’ என்ற சொல்லை நான்கு இடத்தில் போட்டேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்து, நீலச் சட்டையை விட்டுவிட்டாய் என்று திருத்திய பிறகுதான் கையெழுத்து வைத்தார். சார்ஜன்ட் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அந்தப் பிள்ளை அவரிடம் ‘கபலா’ என்று சொன்னதும் தன் நெற்றியில் தட்டிக்கொண்டு, பெரியம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்றார் பிள்ளை.

பிரதியோடு மறுபடி புதுக்கடை. காப்புறுதிக்காரனுக்கு ஆங்கிலம் வேண்டுமே. மூக்குத்தி அம்மா தமிழ்ப் பக்கத்தை மளமளவென்று முடித்துவிட்டு, அடியிலிருந்த முத்திரையையும் சான்றுரையையும் காட்டினார். அவை சிங்களத்தில் இருந்தன. அதற்குத் தனிக் கணக்கு.