ரொறன்ரோவில் இருந்து விசுவமடுவுக்கு: தூரமும் நேரமும்

ரொறன்ரோவுக்கும் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவுக்கும் இடையே ஆகாயவழி நேரே அளந்தால் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை, எங்கேயாவது இறங்கி ஏறத்தான் வேணும். இந்தமுறை எழுபது தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு டுபாய் வழியாகப் போனோம். டுபாய் வரை 11,000 சொச்சம், பதின்மூன்று மணித்தியாலம் மட்டில். அங்கிருந்து கொழும்புக்கு 3,300, நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கூட்டிப் பார்த்தால் நேர்த்தூரத்தைவிட 400 கிலோமீற்றர்கூட அதிகமில்லை. டுபாய் சுற்றுவழி என்று யோசிக்கத் தேவையில்லை. நேரம் போவது இடையில் காத்திருப்பதில்தான். ரிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இலங்கை எங்களைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரையும் முன்னுக்கு நிற்கும், அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேணும்.

வயதானவர்களோடு போகிறவர்கள் ரிக்கெற் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கோ. அதற்குக் காசு இல்லை. டுபாயில் நடக்கிற தூரம் அம்மாவின் முழங்காலுக்குத் தாங்காது. தள்ளிக்கொண்டு போன பிள்ளை பாதுகாப்புச் சோதனை, லிப்ற், வாசல் என்று எல்லா இடமும் பக்குவமாய்க் கொண்டுபோய் விட்டது.

இலங்கையின் வடக்கே, எங்கள் விசுவமடு இருக்கிற வன்னிக்குப் போகிறவர்கள் விலையை மட்டும் பார்த்து விமானம் எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். கொழும்பில் எத்தனை மணிக்கு இறக்கும் என்று பாருங்கோ. அதற்குப் பிறகும் 300 கிலோமீற்றருக்கு மேல் தரைப்பயணம் கிடக்கிறது. விடிய இறங்கினால் கொழும்புக்குள் போகாமலே சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று பகலோடு வவுனியாவைப் பிடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். ஒழுங்குபண்ணிய வான்காரர் பெட்டிகளைக் கண்டதும் பேசிய காசுக்கு மேல் கேட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. வாடகை பேசும்போதே பெட்டிக் கணக்கையும் சொல்லி, எழுத்தில் வாங்கி வையுங்கோ.

ஆனால் ஓடிய தம்பி நல்ல பிள்ளை. முறிகண்டியில் நிறுத்தி, "அக்கா, அம்மா கொஞ்சம் இறங்கி நடக்கட்டும், பிள்ளையாரைக் கும்பிட்டிட்டுப் போவம்" என்றான். வீங்கின காலோடு அம்மா மெதுவாய் நடந்துபோய்த் தேங்காய் உடைத்தா. கச்சான் சரை சூடாய் இருந்தது, மடியில் வைத்து உடைத்துத் தின்றுகொண்டே பரந்தன் சந்தியில் விசுவமடுப் பக்கம் திரும்பினோம்.

ரயிலும் நல்ல வழி. 1990 இல் நின்ற யாழ்தேவி 2013 செப்ரெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. பாரம் குறைந்தவர்களுக்கு அதைவிடச் சுகமான பயணம் இல்லை, ஆசனத்தை முன்கூட்டியே பதிந்தால் சரி.

பலாலி, அதுதான் யாழ்ப்பாண விமான நிலையம், பற்றியும் கேட்கிறார்கள். சென்னையில் இருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. இறங்கினால் விசுவமடுவுக்கு 100 கிலோமீற்றருக்குள்தான். ஆனால் பறப்பது சிறிய விமானம், பெட்டிப் பாரம் இடிக்கும். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் பெட்டி எடுத்துத் திரும்பப் போட இந்திய விசாவும் வேணும். ஒரே ரிக்கெற்றில் பெட்டி பலாலி வரை வருகிற நாள் வந்தால், வன்னிச் சனத்துக்கு அதுதான் வழி.

திரும்பி வரும்போது டுபாய்–ரொறன்ரோ எதிர்க்காற்றில் ஒரு மணித்தியாலம் மட்டில் கூட எடுக்கும். விசுவமடு வீட்டில் இருந்து விமான நேரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட்டோம். மதவாச்சியில் பெருமழை பிடித்தும், கவுண்டர் திறக்க முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டோம்.