காய்ச்சி வடித்த நீரும் உப்புநீரும்: நுவரெலியாவில் ஒரு கொதிநிலைச் சோதனை

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நீர் சேர்வை, அதாவது மூலகங்கள் மாறா விகிதத்தில் இணைந்த பொருள்; உப்புநீர் ஏகவினக் கலவை, அதாவது எங்கும் ஒரே சீராகக் கலந்த கலவை. நீரில் ஐதரசனும் ஒட்சிசனும் திணிவுப்படி 1:8 என்ற விகிதத்தில்தான் இருக்கும், எந்த ஊற்றில் மொண்டாலும் அது மாறாது. உப்புநீருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு சிட்டிகையும் போடலாம், 100 கிராம் நீருக்கு ஏறக்குறைய 36 கிராம் வரையும் கரைக்கலாம்.

இரு முகவைகளில் 250 மில்லிலீற்றர் வீதம் காய்ச்சி வடித்த நீர் எடுத்து, ஒன்றில் 15 கிராம் உப்பைக் கரைத்துக் கொதிக்க விடுங்கள். நுவரெலியாவின் உயரத்தில் வெறும் நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசில் கொதித்து, பாதி வற்றினாலும் அங்கேயே நிற்கும். உப்புநீர் 95 பாகையளவில் கொதிக்கத் தொடங்கி, பாதியாக வற்றும்போது 96 பாகையை நெருங்கும்.

மலையகத்துப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 100 பாகை வரவில்லையே, நீர் தூய்மையில்லையோ என்று எழுதிவிடுகிறார்கள். உயரத்தில் வளியமுக்கம் குறைவு, அதனால் கொதிநிலையும் தாழ்கிறது. பார்க்க வேண்டியது எந்த எண் வருகிறது என்பதையல்ல, அது நிலையாக நிற்கிறதா என்பதையே. வெப்பமானியின் குமிழ் முகவையின் அடியைத் தொட்டால் அளவீடு கூடிவிடும், நடுவில் பிடியுங்கள்.

குழாய்நீருக்கு இந்தச் சோதனை உதவாது. அதில் கரைந்துள்ள உப்புகள் மிகச் சொற்பம், வெப்பமானியில் தெரியாது. சில துளிகளைக் கண்ணாடித் தட்டில் உலர்த்தினால் வெண்படலம் காட்டிக்கொடுக்கும்.

பிரிப்பதிலும் வேறுபாடு உண்டு: உப்பை எடுக்க ஆவியாக்கினால் போதும், நீரை மூலகங்களாக்க மின்பகுப்பு, அதாவது மின்னோட்டம் செலுத்திப் பிரித்தல் வேண்டும்.