பயிற்சியாளரை நீக்குவதா, தக்கவைப்பதா? லயன்ஸும் பிரவுன்ஸும்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.இல், 2020 வரை இருந்த பதினாறு ஆட்டப் பருவத்தில் ஒன்றில்கூட வெல்லாமல் திரும்பிய அணிகள் இரண்டே: 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ், 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ். லயன்ஸ் நிர்வாகம் பருவம் முடிந்த கையோடு தலைமைப் பயிற்சியாளர் ராட் மரினெல்லியை நீக்கியது. பிரவுன்ஸோ, அதற்கு முந்தைய ஆண்டிலும் ஒரே ஒரு வெற்றி கண்டிருந்த ஹியூ ஜாக்சனைத் தக்கவைத்துக்கொண்டது.

லயன்ஸின் சரிவுக்கு ஓர் ஆட்டமே சான்று. மினசோட்டாவில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் வீரர்) டான் ஒர்லோவ்ஸ்கி, தம்மைத் துரத்திய எதிரணி வீரர் ஜாரெட் ஆலனிடமிருந்து தப்பும் பதற்றத்தில், மைதானத்தின் பின்கோட்டை மிதித்துவிட்டதை உணராமலே ஓடிக்கொண்டிருக்க, எதிரணிக்கு 2 புள்ளிகள் கிடைத்தன. லயன்ஸ் 12-10 என்று அதே 2 புள்ளிகளில்தான் தோற்றது.

ஜாக்சனுக்குச் சாதகமான வாதம் வலுவற்றதன்று. அனுபவமிக்க வீரர்களை விடுத்து, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் எதிர்கால வாய்ப்புகளைச் சேர்த்துவைத்தது நிர்வாகத்தின் முடிவு. அதன் சுமையைப் பயிற்சியாளர் மட்டும் ஏற்பது நியாயமாகாது. ஆயினும் 2018இல் பாதிப் பருவத்தில் அவர் நீக்கப்பட்டபின், அதே வீரர்கள் இடைக்காலப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸின் கீழ் எஞ்சிய 8 ஆட்டங்களில் 5இல் வென்றனர். ஆகவே லயன்ஸின் வழியே மேலானதென்று கருதுகிறேன். புதிய பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ் முதலாண்டில் 2 வெற்றிகளே கண்டாலும், 2011இல் 10 வெற்றிகளுடன், 1999க்குப் பிறகு முதன்முறையாக அணியைப் பிளேஆஃப் எனும் பருவ இறுதி வெளியேற்றச் சுற்றுக்குக் கொண்டுசென்றார்.