காது சொட்டு மருந்து: ரெண்டு வேளையா, நாலு வேளையா?

காதில் வலி, சீழ் என்று போனால் டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்–ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் முக்கியமாக ரெண்டு ஜாதி உண்டு. ஒன்று சிப்ரோஃப்ளாக்ஸசினும் டெக்ஸாமெத்தசோனும் சேர்ந்தது. வழக்கமான அளவு காலையும் இரவும் 4 சொட்டு, 7 நாள். மற்றது பழைய கூட்டு: நியோமைசின், பாலிமிக்ஸின் பி, ஹைட்ரோகார்ட்டிசோன். இதைப் பெரியவர்கள் வேளைக்கு 4 சொட்டாக நாளைக்கு 3 அல்லது 4 முறை விட வேண்டும். 10 நாளைத் தாண்டக் கூடாது.

அடிக்கடி விடுகிற மருந்துக்குத்தான் வீரியம் அதிகம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படியில்லை. சிப்ரோஃப்ளாக்ஸசின் அடர்த்தி கூடக் கூட வேகமாகக் கிருமியைக் கொல்லும். மருந்து குறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கிருமியைத் தலைதூக்க விடாது. 0.3 சதவீதச் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 3 மில்லிகிராம் இருக்கிறது. மாத்திரை போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு இதற்குப் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் ரெண்டு வேளை போதும். அதையே நாலு வேளையாக்கினால் பாட்டில்தான் சீக்கிரம் காலியாகும்.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். மதியச் சொட்டை எங்கே விடுவது? காதை மேலே வைத்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும், சில நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். மூடுபனியில், ஈரச் செடிக்கு நடுவே அது நடக்கிற காரியமா? நாலு வேளை மருந்து அங்கே ரெண்டு வேளையாகச் சுருங்கிவிடும். தோட்டத்து ஆட்களுக்கு முதல் ஜாதிதான் ஒத்துவரும் என்பேன்.

ஆனால் வேளைக் கணக்கை விடப் பெரிய விஷயம் செவிப்பறை. அதில் ஓட்டை இருந்தால் நியோமைசின் உள்காதுக்குப் போய்க் கேட்கும் திறனையே கெடுக்கலாம். சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு அந்தப் பயம் இல்லை. நியோமைசின் சிலருக்குத் தோலில் அலர்ஜியும் கிளப்பும். காது மடல் சிவந்து அரிக்கும், நோய் முற்றிவிட்டதென்று இன்னும் நாலு சொட்டு விடுவார்கள்! டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல், போன வருஷத்துச் சீட்டைக் காட்டி வாங்குவது வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

எந்த ஜாதியானாலும் ஜனவரியில் ஊட்டி வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே விட்டால் தலை சுற்றும். குளிர்ந்த மருந்து உள்காது நீரைக் கலக்கிவிடுகிறது. பாட்டிலை ரெண்டு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து விடுங்கள். அடுப்போரம் வேண்டாம்.

வலி ரெண்டு மூணு நாளில் தணிய வேண்டும். தணிந்ததும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன நாள்வரை விடுங்கள். மூணு நாளாகியும் குறையவில்லை என்றாலோ, சீழ் நின்று அரிப்பு கூடினாலோ வேளையைக் கூட்டாதீர்கள். பூஞ்சை பிடித்திருக்கலாம், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் அதை வளர்த்துத்தான் விடும். அப்போது தேவைப்படுவது குளோட்ரிமசோல் போன்ற வேறு மருந்து, அதற்கு முன் காதைச் சுத்தம் செய்ய ஒரு இ.என்.டி. டாக்டர்.